வடக்குச் சுவரில் ஒரு யன்னல்

ராஜி அக்கா இறந்துவிட்ட செய்தியை வீட்டுக்கார மிஸ்ஸிஸ் ஃபேர்லிதான் தொலைபேசியில் சொன்னார். நான் மெல்பேர்ணின் கிளேட்டன் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் வரைமேசையில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம். இதயம். நாற்பத்தொரு வயது. ஈரக் கையோடு வெளியே வந்து நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. நிற்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அவரை அறியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஸ்கொட்லாந்தில் கட்டடக்கலை படித்துவிட்டு எழுபத்திரண்டில் மெல்பேர்ணுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்ட நான் குடியிருந்த பழைய கல்வீட்டில், மாடி அறைக்கு அவர் வந்தார்.

வந்த அன்று பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினார்.

"தம்பி, இந்த வீட்டை நான் அளந்திருக்கிறன்!"

"எங்கை?"

"ஸ்கொட்லாந்தில, ஒரு கிராமத்தில. படிக்கேக்க."

மிஸ்ஸிஸ் ஃபேர்லியுடைய கணவரின் பாட்டனார் அந்தப் பக்கத்தவர். ஊரில் பார்த்த பெரிய வீட்டையே இங்கேயும் கட்டியிருக்கிறார். அங்கேயுள்ள வீட்டை அரசாங்கம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதே படிகளாக ஏறும் முகட்டுச் சுவர், அதே சுழல் படிக்கட்டு, முழங்கை நீளத்துக்கும் மேலான சுவர்த் தடிப்பு. ஒரு சுற்றுச் சுற்றி வந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மனிசன் வீட்டைத் திருப்பிக் கட்ட மறந்துபோனார்!"

ஸ்கொட்லாந்தில் வெயில் தெற்கிலிருந்து வரும். ஆகவே யன்னல்கள் எல்லாம் தெற்கே. குளிர்காற்றடிக்கும் வடக்கே வெறும் சுவர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் இங்கே வெயில் வருவது வடக்கிலிருந்து. அது தெரியாமல் அப்படியே கட்டியதால், தலைமுறை தலைமுறையாக அந்த வீடு சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த வீட்டையும் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்று அக்கா வெறிபிடித்து அலைந்தார். ஒவ்வொரு வார இறுதியும் அளவு நாடாவும் ஏணியும்தான். ஊற்றிய தேத்தண்ணியை அவர் குடித்து முடித்து நான் பார்த்ததில்லை. "ஒரு ஆள் ஊரைத் தலைக்குள்ள வைச்சுக்கொண்டே கடல் தாண்டி வந்ததுக்கு இதுதான் சாட்சி. இந்தப் பிழைதான் வீட்டின்ர பெறுமதி" என்பார்.

போன குளிர்காலத்தில் மிஸ்ஸிஸ் ஃபேர்லிக்கு முழங்கால்கள் மடங்கவில்லை. நாள் முழுக்க அவர் இருப்பது குசினியில். அது வடக்குப் பக்கம், பகலிலும் இருட்டு. "ராஜி, இந்தச் சுவரில் ஒரு யன்னல் வைத்துத் தருவாயா?" என்று கேட்டார். அக்கா அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். சுவரை உடைத்தால் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மனிசி குளிரில விறைக்குது. உங்களுக்குச் சுவர்தான் பெரிசோ?"

"பாதியில விட்டிட்டு ஓடுறவன் நீ. உனக்கென்னடா தெரியும்?"

"நான் ஓடினாலும் வெயில் இருக்கிற பக்கம்தான் ஓடுவன்."

அதன்பின் பல இரவுகள் மாடியில் அவர் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை குசினிக்குப் போனால், சுவரில் சோக்கட்டியால் ஒரு சதுரம் கீறியிருந்தது. அக்கா உளியை என் கையில் திணித்தார்.

"கதையாமல் உடை."

வெளிப்பக்கத்து முதல் கல் கழன்றதும் வெயில் நேராகப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. மிஸ்ஸிஸ் ஃபேர்லி எட்டிப் பார்த்தார். "ஐயோ, இவ்வளவு நாளும் இந்த ஊத்தைச் சட்டியிலா சமைத்தேன்?" சுண்ணாம்புத் தூசு அப்பிய முகத்தோடு அக்கா அன்று சிரித்த சிரிப்பு!

பிறகு பட்டியல்காரர்கள் வந்தார்கள். "இதை யார் வைத்தது?" என்று கேட்டார்கள். "என் மாமனார் காலத்து..." என்று மிஸ்ஸிஸ் ஃபேர்லி தொடங்க, அக்கா குறுக்கிட்டார்: "நான்தான். இரண்டு மாதம்தான் ஆகிறது."

அவர்கள் போனதும் நான் கத்தினேன். "மனிசியே பொய் சொல்லிச்சுது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே!"

"பொய் சொல்லிக் காப்பாத்துற வீட்டில எனக்கென்ன வேலை?" என்றார். அன்று இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டும் அவர் கீழே வரவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் பட்டியல்காரர்களின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வீடு பட்டியலில் சேர்ந்துவிட்டது. முகட்டுச் சுவர், சுழல் படிக்கட்டு, தெற்கு யன்னல்கள். கூடவே, கடல் தாண்டி வந்த இன்னொருவர் வைத்தது என்ற குறிப்போடு, குசினி யன்னலும்.

மிஸ்ஸிஸ் ஃபேர்லி நம்பாமல் திரும்பக் கேட்டார். "ராஜி உடைத்ததையும் இனி ஒருவரும் தொட முடியாதா?"

"முடியாது. நீங்களே நினைத்தாலும் அடைக்க முடியாது" என்றார் தொலைபேசியில் பேசியவர்.

அவர் கதிரையை வெயிலுக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கால்களை நீட்டிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். கனநேரம் நின்றேன்.

அக்கா, சட்டப்படி நீங்கள் வென்றுவிட்டீர்கள். போயிட்டு வாங்கோ.