சுடலைக்கண்ணு எண்ணிய இழைகள்

மைக்ராஸ்கோப்பில் வலக்கண்ணை வைத்தால் சுடலைக்கண்ணு இடக்கண்ணை மூடமாட்டார். மூச்சை மட்டும் நிறுத்திக்கொள்வார். வாயில் குதப்பிய வெற்றிலையும் அப்படியே நிற்கும். நாற்பது வருஷம் தென்காசிக் களங்களில் மரக்கால் பிடித்து நெல் அளந்து காய்த்துப்போன விரல்கள், கண்ணாடிச் சில்லை எடுக்கும்போது மட்டும் பூப்பறிக்கிற மாதிரி நிதானமாகிவிடும்.

முப்பத்தெட்டாம் வருஷச் சாரலுக்குக் குற்றாலத்து ஐந்தருவிப் பாதையில் வீடெடுத்துத் தங்கிய தாணு புரொபசர், காலேஜ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மலையில் கிடைத்த ஒரு காட்டுக் கிழங்கின் வேர்நுனியை வைத்து, உயிரணு எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று ஆராய்கிறார். கொடுமை என்னவென்றால் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. படிப்பு அவருடையது, கண் சுடலைக்கண்ணுவுடையது.

உயிரணுவைப் பற்றிச் சுடலைக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"செவப்புச் சாயத்துல நூலு நூலாத் தெரியும். பாகம் பிரியதுக்கு முந்தியே ஒவ்வொரு நூலும் தன்ன மாதிரியே இன்னொண்ணு செஞ்சு வச்சுக்கிடுது. பொறவு சோடி விலகி ஒண்ணு அங்கன, ஒண்ணு இங்கன போவுது. நடுவுல செவரு எழும்புது. ரெண்டு வீட்டுலயும் ஒரே கணக்கு! நம்ம அண்ணன் தம்பிமாரு இப்படிப் பிரிஞ்சா வக்கீலு பட்டினிதான் கெடப்பான்!"

இவ்வளவு பேசுகிறவர் ஆவணியில் மூன்று நாள் ஊமையாகிவிட்டார். காரணம், ஆனியில் சிலர் சிரித்த சிரிப்பு.

அந்த நூலிழைகளைப் புரொபசர் முதன்முதலாக எண்ணச் சொன்னபோது, "லாபம், ரெண்டு, மூணு..." என்று ஆரம்பித்தார். களத்தில் முதல் மரக்காலை யாரும் 'ஒன்று' என்று சொல்வதில்லை. 'லாபம்' என்பதுதான் வழக்கம். பார்க்க வந்திருந்த காலேஜ் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புரொபசரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பேரன் பேத்தி எடுத்த சுடலைக்கண்ணுவுக்குக் காது மடல் சுட்டது. அன்றிலிருந்து லாபத்தை வாய்க்கு வெளியே விடுவதில்லை. முதல் இழையை மனசுக்குள் 'லாபம்' என்று கும்பிட்டுவிட்டு, அடுத்த இழைக்கு வாய்விட்டு "ஒண்ணு" என்பார்.

"எத்தனைவே?"

"பதினஞ்சு ஐயா."

நாற்பது உயிரணுவை எண்ணினார், நாற்பதிலும் பதினைந்து. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று ஜோடியாக இருக்கவேண்டிய இழைகள் ஒற்றைப்படையில் வந்தால் அது அதிசயம். புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலீஷில் கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்.

ஆவணியில் கார் நெல் அறுப்பு வந்தது. தென்காசிக் களத்தில் சுடலைக்கண்ணு முதல் மரக்காலைக் கவிழ்த்தார். "லாபம்." அடுத்ததைக் கவிழ்த்தார். "ரெண்டு." கை அப்படியே நின்றுவிட்டது. ஐயா வீட்டில் இரண்டாவதைத்தானே ஒண்ணு என்றோம்? நாற்பது தடவையும் ஒன்று குறையவா சொல்லியிருக்கிறோம்? சுடலைக்கண்ணு ஒரு பிடி குறைய அளந்தான் என்று அந்த வட்டாரத்தில் ஒரு நாக்கும் சொன்னதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் குற்றாலம் பக்கமே தலைவைக்கவில்லை.

நாலாம் நாள் வந்தவர், நேரே மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஐந்து உயிரணுவை எண்ணினார். ஐந்திலும் பதினாறு.

புரொபசர் உள்ளேயிருந்து ஒரு தாளோடு வந்தார். அச்சேறுமுன் திருத்தி அனுப்பச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து தபாலில் வந்த கட்டுரை அது.

"எங்கவே போனீரு? எண்ணித் தந்தது சுடலைக்கண்ணுன்னு உம்ம பேரையும் போட்டிருக்கு, பாரும்!"

சுடலைக்கண்ணு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"பதினஞ்சு இல்ல ஐயா, பதினாறு. லாபத்த மனசுக்குள்ள சொல்லிட்டு, அடுத்தத ஒண்ணுன்னுட்டேன். எல்லாத்துலயும் ஒண்ணு கொறஞ்சுபோச்சு."

புரொபசருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. "லாபம்னு வாய்விட்டே சொன்னா என்னவே?"

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சீயளே."

புரொபசர் தலைகுனிந்தார். "நானும்லா சிரிச்சேன்" என்றார். பிறகு தாளை மூக்கருகே பிடித்துத் தேடி, பதினைந்தை அடித்துப் பதினாறு என்று எழுதினார். அதிசயம் அதோடு போயிற்று.

"எம் பேர எடுத்திருங்க ஐயா."

"இருக்கட்டும்வே. பதினாறுன்னு சொன்னதும் நீருதானே."

"எங்கன இருக்கு அது?"

புரொபசர் விரலால் தொட்டுக் காட்டினார். சுடலைக்கண்ணுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி மறைத்தார். புரொபசர் தாளை மெல்ல இழுத்தபோதும் விரலை எடுக்கவில்லை.