தட்டு மீன் தெருவில் ஒரு கார்டினால்காரி

அமேசான் காட்டு ஆற்றங்கரையில் இருக்கும் பார்செலோஸ் ஊரில் லிந்தால்வா வாழ்க்கைப்பட்ட தெரு முழுக்கத் தட்டு மீன் கட்சி. அவள் மட்டும் கார்டினால் கட்சி. வருஷா வருஷம் மீன் திருவிழாவில் இரண்டு கட்சியும் ஆடிப்பாடி மோதும். தட்டு மீன் உள்ளங்கை அகலம் இருக்கும். கார்டினால், விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன். நீலக் கோடும் சிவப்பு வயிறுமாக ஓடைகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும்.

கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்ப்பவர்களுக்காக அந்தப் பொடி மீனை உயிரோடு பிடித்து விற்றுத்தான் அவளும் கணவன் ஒஸ்மரீனோவும் பிழைத்தார்கள். அவன் துடுப்பால் தண்ணீரைக் கலக்கி விரட்டுவான். அவள் வலையேந்தி நிற்பாள். வயிற்றுப்பாட்டுக்கு அவள் மீன், வாய்ச்சவடாலுக்குத் தன் மீன் என்று இருந்தவன் அவன்.

"உன் மீனு என் மீனுக்கு ஒரு வாய்க்குக் காணாதுடி!"

"உன் மீனு ரொட்டி சுடுற கல்லாட்டம் இருக்கு. அது ஆடினா பாக்கச் சகிக்குமா?"

கார்டினால் ஜெயித்த வருஷங்களில் அவன் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வான். "ஜெயிச்சவளுக்குத் தோத்தவன் வீட்டுல என்ன வேலை? உங்கம்மா வீட்டுக்குப் போ!" தெருவே கூடிச் சிரிக்கும். எதிர்வீட்டு க்ரெவ்சா, "திறக்காதே அண்ணே! பொடிமீனு நல்லாக் காயட்டும்!" என்று கத்துவாள்.

போன வெள்ளக் காலத்தில் காய்ச்சல் கண்டு ஒஸ்மரீனோ போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை.

இந்த வருஷமும் திருவிழா வந்தது. கார்டினால் ஜெயித்தது. திடலில் முடிவைச் சொன்னதும் முரசு அதிர்ந்தது. லிந்தால்வாவும் கை தூக்கி ஆடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கட்சிப் பெண்கள் அவரவர் ஆட்களோடு கலைந்து போனார்கள். உச்சி வெயிலில் அவள் தனியாகத் தெருவுக்குத் திரும்பினாள். வாசலுக்கு வாசல் தோற்ற முகங்கள். எவளாவது வாயைத் திறப்பாள் என்று மெதுவாகவே நடந்தாள்.

"வாங்கக்கா," என்றாள் க்ரெவ்சா. "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி தரட்டா?"

வாங்கக்காவாம். இத்தனை வருஷத்தில் அவள் வாயில் வராத மரியாதை.

"என்னடி க்ரெவ்சா, உங்க தட்டு கவுந்துடுச்சா?" என்று லிந்தால்வா உரக்கவே கேட்டாள்.

க்ரெவ்சா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்காளுங்க நல்லா ஆடினாங்கக்கா. போய்ப் படுங்க, களைச்சுத் தெரியிறீங்க."

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். தன் வீட்டுக் கதவை லிந்தால்வா லேசாகத் தொட்டாள், திறந்துகொண்டது. உள்ளே போய் உடுத்திய நீலமும் சிவப்பும் மாற்றாமல் உட்கார்ந்தவள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஓடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் போனாள். வலையை ஒரு கையில் பிடித்து, மறு கையால் துடுப்பை அடித்துப் பார்த்தாள். மீன் கூட்டம் அவளை நெருங்கி, இரண்டாகப் பிரிந்து, அவளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. திரும்பத் திரும்ப அடித்ததில் தோள் விட்டுப்போயிற்று. கடைசியில் வலையை இரண்டு வேர்களுக்கிடையே கட்டி, மரவள்ளி மாவைத் தூவிக் காத்திருந்தாள். கொஞ்சம் அகப்பட்டது. பிடித்த மீன்களை விட்ட தொட்டியின் தண்ணீரை மாற்றி, ஓடத்தை நிழலில் கட்டினாள். மிச்ச மாவை, வீட்டிலிருந்து கொண்டுவந்த பொரித்த மீனோடு அங்கேயே தின்றாள். வீட்டுக்குப் போக அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.