வாலுப்பையனின் குரல்

"பெத்த பொண்ணுகிட்ட பேச மட்டும் வாய் வராதாம்மா?" இன்று கேட்டே தீருவது என்று முதல்முறையாக அம்மா வேலை செய்யும் டப்பிங் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தேன். எனக்குப் பதினாறு வயதாகிறது. அம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் சைகைதான். பேசினால் தொண்டை கட்டிக்கொள்ளுமாம். ஏதோ விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். சின்ன வயதில் எனக்குத் துணை, டிவி கார்ட்டூனில் வரும் வாலுப்பையன். என் திமிரே அவனிடம் கற்றதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா மைக் முன்னால் கன்னத்தை உப்பவைத்து, மூக்கைச் சுருக்கினாள். ஸ்பீக்கரில் வாலுப்பையன் கத்தினான்: "பயப்படாதே, நான் இருக்கேன்ல!"

கண்ணாடியோடு ஒட்டி நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பொய்தான். திட்டுவதற்காவது வாயைத் திறக்கட்டும்.