ஏழு முறை நட்ட செடி

போன சனிக்கிழமை நான் ஒரு செடியை ஏழு முறை நட்டேன். அதே செடி. அதே குழி.

பெங்களூரில் கே.ஆர்.புரம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. அங்குள்ள பசுமை கிளப் விழாவுக்கு என்னைச் சீஃப் கெஸ்ட்டாகக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் டிகிரி வாங்க மார்க் மட்டும் போதாதாம். ஆக்டிவிட்டி பாயிண்டும் வேண்டும். சமூக சேவை செய்வதுபோல, இடமும் நேரமும் பதிந்த போட்டோ கொடுத்தால் பாயிண்ட். உண்மையிலேயே சேவை செய்தால்? அதைப் பற்றி விதிமுறையில் ஒன்றும் இல்லை.

கிளப்பில் ஆறு பேர். ஒரு பிரெசிடென்ட், ஒரு வைஸ் பிரெசிடென்ட், மூன்று லீட், ஒரு மென்டார். வெறும் மெம்பர் என்று ஒருவர்கூட இல்லை. மண்வெட்டி பிடித்தவர் கல்லூரித் தோட்டக்காரர்.

"குரு, லொகேஷன் ஆன் பண்ணு! சார், கொஞ்சம் குனிஞ்ச மாதிரி நில்லுங்க... மண்ணு போட்றாதீங்க சார், அடுத்த டீம் வெயிட்டிங்" என்றான் பிரெசிடென்ட் நிகில். பெங்களூரில் நண்பர்கள் எல்லோரும் 'குரு'தான்.

"செடி மேல அவ்வளவு ஆர்வமாப்பா?"

"எம்.எஸ். பண்ண ஜெர்மனி போறேன் சார். அங்க லீடர்ஷிப் பார்ப்பாங்க."

"சரி, இது என்ன செடி?"

"அது கன்டென்ட் லீடைத்தான் கேட்கணும் சார்."

மற்ற கிளப்புகளிலிருந்து வந்த ஆறு குழுவும் போட்டோ எடுத்து முடித்தபோது, பொறுப்பாசிரியையிடம் ஒரு பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா, இறுதியாண்டு. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். கடைசி வகுப்பு முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓட்டம். அதனால் எந்தக் கிளப்பிலும் இல்லை. வேலை கிடைத்துவிட்டது. ஆனால் இருபது பாயிண்ட் குறைகிறது, அன்றுதான் கடைசி நாள். பாயிண்ட் இல்லையென்றால் டிகிரி நிற்கும். டிகிரி நின்றால்... வேலை?

"மேடம், ரெண்டு வருஷமா எங்க தெருவுல பத்தாவது பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தரேன். போன வருஷம் எல்லாரும் பாஸ் மேடம்."

"ரொம்ப நல்ல விஷயம்மா. போட்டோ எங்கே?"

"எடுக்கல மேடம். பசங்களைக் கூட்டிட்டு வரட்டா? அவங்களே சொல்வாங்க."

"பசங்களை போர்ட்டல்ல அப்லோட் பண்ண முடியாதேம்மா!"

மேடம் கெட்டவர் இல்லை. தானே செடியை எடுத்து அவள் கையில் திணித்தார். "பேகா பேகா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். "சார் பக்கத்துல நில்லு. சிரி."

நான் குனிந்தேன். அவளும் குனிந்தாள். நிகில் கிளிக் செய்தான். இரண்டு வருட டியூஷனுக்குக் கிடைக்காத இருபது பாயிண்ட், இரண்டு விநாடி குனிந்ததற்குக் கிடைத்துவிட்டது.

எதிர்காலத்தைத் திட்டமிடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர்களும் திட்டமிடத்தான் செய்கிறார்கள் — நாம் எதைச் சரிபார்க்கிறோம் என்று பார்த்துவிட்டு. நிகிலைத் திட்டி என்ன பயன்? கேள்வித்தாள் நம்முடையது.

பையை மாட்டிக்கொண்டே ஸ்டெல்லா என்னிடம் கேட்டாள்: "சார், ஆபீஸ்ல 'காலேஜ்ல என்ன சோஷியல் சர்வீஸ் பண்ணே'ன்னு கேட்டா, எதைச் சொல்றது?"

"செடி நட்டேன்னு சொல்லும்மா. அதுக்குத்தான் ஆதாரம் இருக்கு."