குளிர் வந்த குழாய்

பனி கொட்டும் மோர்னிங்சைட்டில் சிறிய வீடொன்றில் மனைவி செலீனோடு வாழ்ந்தவர் மரியநாயகம். வெப்பத்தை வீணாக்குவது அவருக்குப் பாவம். மகள் மெலனி கலியாணம் முடித்துப் போனபின் மேலறைகளைப் பூட்டிவிட்டு, பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்து அறையிலேயே இருவரும் படுத்தார்கள். மீன் பொரித்தால் கத்துகிறதென்று, புகைக்கும் நச்சு வாயுவுக்கும் மாட்டிய அலாரத்தைக் கழற்றிப் போட்டவரும் அவர்தான்.

ஒரு ஜனவரி காலை செலீன் முனகினாள்.

"இஞ்சேருங்கோ, ஃபேர்னஸுக்குப் பக்கத்தில உந்தக் குழாயாலை வாற குளிர் என்ர முழங்காலைத் தின்னுது."

அவர் இடுப்பில் கட்டும் தன் பழைய சாரத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தார்.

"உங்கட சாரம் கடைசியா ஒரு நல்ல வேலைக்கு உதவுது!"

சிரித்தபடி அவள் மீண்டும் போர்வைக்குள் புகுந்தாள்; அவர் வேலைக்குப் புறப்பட்டார். ஐயோ, அவர் கேட்ட அவளுடைய கடைசிச் சிரிப்பு அது!

ஃபேர்னஸ் ஒழுங்காக எரிய வெளிக்காற்றைக் கொண்டுவருவதே அந்தக் குழாய் என்பது அவருக்குத் தெரியாது. காற்றின்றித் திணறிய ஃபேர்னஸ், மணமில்லாத நஞ்சை அறையெங்கும் பரப்பியது. வேலை முடிந்து வந்து அவர் எழுப்பியபோது செலீன் எழும்பவில்லை. அலாரம் அலுமாரிக்குள் ஊமையாகக் கிடந்தது.

இப்போது எந்தக் குளிரிலும் அந்த அறையின் ஜன்னல் திறந்தே கிடக்கிறது. வெறுங்கட்டிலின் மேல் பனித்தூள் விழுகிறது.

"அப்பா, ஜன்னலைச் சாத்துங்கோ. விறைச்சுச் சாகப்போறியள்," என்று மெலனி அழுகிறாள்.

"வேண்டாம் பிள்ளை," என்கிறார் அவர். "அம்மாவுக்கு மூச்சு முட்டும்."