முப்பத்தேழு டிகிரி

நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. நான் மேரிசெல்வி, லேப் டெக்னீஷியன். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

2005 ஜனவரி. சுனாமிக்குப் பிறகு மரக்காணத்தில் ஒரு வகுப்பறையைத் தற்காலிக லேப் ஆக்கியிருந்தோம். எக்கியார்குப்பத்து மீனவர் சிங்காரம், தன் மூன்று வயது மகள் வினோதினியோடு பக்கத்து முகாமில் இருந்தார். அலையில் தகரம் கிழித்து, குழந்தையின் கால் சீழ் பிடித்திருந்தது. காய்ச்சல் கொதித்தது. எந்த மருந்தும் கேட்கவில்லை. என்ன கிருமி என்று காலையில் நான் சொன்னால்தான் டாக்டர் மருந்தை மாற்ற முடியும்.

சோதனைப் பட்டையில் வரிசையாகக் குட்டிக் குழிகள் இருக்கும். சீழிலிருந்து வளர்த்த கிருமியை நீரில் கலந்து அவற்றில் விட்டு, கரண்டில் ஓடும் சூட்டுப்பெட்டியில் விடியும்வரை முப்பத்தேழு டிகிரியில் வைக்க வேண்டும். கிருமியின் நொதிகள் குழிகளின் நிறத்தை மாற்றும். அந்த நிறங்கள்தான் கிருமியைக் காட்டிக்கொடுக்கும். சூடு போனால் எல்லாம் வீண்.

ராத்திரி 9.10. கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டைப் பெட்டியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, தெர்மாமீட்டரோடு துணியில் சுற்றி, உடம்புச் சூடு படும்படி மடியில் வைத்துக்கொண்டேன். கரண்ட் போனால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஆனால் தூக்கம் கண்ணைச் சொருகியது...

டக்... டக்...

தண்ணீர் சொட்டும் சத்தம்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில், எதிரே ஒரு பெண். புடவை தொப்பலாக நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை.

"யாரும்மா?"

"பாப்பாவோட அம்மா. குடுங்கக்கா... நான் வெச்சிக்கிறேன்."

கொடுத்தேன். விரலில் பட்ட கை... ஐஸ்.

"இவ்ளோ சில்லுன்னு இருக்கியே. இதுக்கு சூடு வேணும்மா."

"எடுத்தாந்திருக்கேன்க்கா."

அப்புறம் நினைவில்லை.

விடிந்தது. பெட்டி என் மடியில்.

தெர்மாமீட்டரில் 37.

தரை காய்ந்திருந்தது. சுற்றிய துணியில் மட்டும் உப்புப் பூத்திருந்தது.

குழிகள் பளிச்சென்று நிறம் மாறியிருந்தன. ஏரோமோனாஸ். தண்ணீரில் வாழும் கிருமி. டாக்டர் உடனே மருந்தை மாற்றினார்.

சிங்காரத்திடம் ஓடினேன். "உங்க வீட்டம்மா இல்லன்னா இது நடந்திருக்காதுங்க."



"ஜெயாவா? அலையிலயே போயிட்டா மேடம். உடம்பு கூட இன்னும் கிடைக்கல."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து கரண்ட் போச்சில்ல... அப்ப பாப்பா உடம்பு திடீர்னு சில்லுன்னு ஆயிடுச்சி. பயந்துட்டேன். கேட்டா, அம்மா வந்து காய்ச்சல வாங்கிக்கினு போச்சின்றா..."

அவர் உடைந்து அழுதார். நானும் அழுதேன்.

அம்மா பாண்டிச்சேரிக்கு மீன் விற்கப் போயிருக்கிறாள் என்றுதான் குழந்தையிடம் சொல்லி வைத்திருந்தார்களாம். விடிந்ததிலிருந்து அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதானாம்.

"அம்மா ஏம்ப்பா நனைஞ்சிருந்துச்சி?"