பூச்சியில் பூச்சியம்

அரச சேவையில் முப்பத்தைந்து வருடம் படிவங்கள் நிரப்பினேன். பிறர் நிரப்பியவற்றைத் திருப்பியும் அனுப்பினேன். ஆனால் எனக்கு முதன்முதலில் திரும்பி வந்த படிவம் பதினொரு வயதில் நான் நிரப்பியது. அதில் திருத்த ஒன்றும் இல்லை என்பதே இன்றும் என் கட்சி.

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி. முதலிடம் பெறுபவர் மாகாணப் போட்டிக்குப் போகலாம். வெள்ளவத்தை மாடி வீட்டுப் பல்கனியில், இரண்டு பால்மாத் தகரங்களில் நெல் முளைக்க வைத்தேன். ஒன்றின் இலைகளில் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தேன். மற்றதற்கு வெறும் தண்ணீர். நெல்லிலை தின்னும் புழுக்களை மாமா பாணந்துறை வயலிலிருந்து போத்தலில் அடைத்து ரயிலில் கொண்டுவந்தார். போத்தலைக் கண்டு பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனதால், வெள்ளவத்தை வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு வந்தாராம். தகரத்துக்குப் பத்தாக விட்டேன்.

மூன்றாம் நாள் கண்காட்சி. வெறும் தண்ணீர்த் தகரத்தில் இலை நரம்புகள்தான் மிச்சம். வேப்பந்தண்ணீர்த் தகரத்தில் ஓர் இலையிலும் கடித்த தடம் இல்லை. பத்துப் புழுக்களும் உயிரோடு ஊர்ந்து திரிந்தன.

நடுவர் பூச்சிமருந்துக் கம்பனி ஒன்றில் பெரிய உத்தியோகத்தர். விவசாயப் பிரிவுக்குப் படிவம் அச்சடித்துக் கொடுத்ததும் அவர்களே. அதில் ‘இறந்த பூச்சிகள்’ என்று ஒரு கட்டம். நான் சைபர் போட்டிருந்தேன்.

“பூச்சியில பூச்சியமோ பிள்ளை? ஒண்டும் சாகேல்லையெண்டால் இது என்ன மருந்து?”

“தின்னேல்லை, சேர். நெல்லுத்தானே தப்ப வேணும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விஞ்ஞான டீச்சர் என்னைத் தனியே இழுத்தார். “அஞ்செண்டு போடம்மா. எப்பிடியும் நாளைக்குச் சாகுந்தானே.”

நான் அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டு ‘இறந்த’ என்ற சொல்லை வெட்டினேன். மேலே ‘தின்னாத’ என்று எழுதி, கட்டத்தில் பத்து என்று போட்டேன். பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன். அப்பா தன் கந்தோர்க் கோப்புகளில் அப்படித்தான் செய்வார். அச்சிட்ட படிவத்தை மாற்றியதால் நிராகரிக்கப்பட்டது என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்கள். மாகாணப் போட்டிக்கு ஓர் எலிப்பொறி போனது.

இரண்டு நாள் கழித்து, என் பத்துப் புழுக்களும் கடிபடாத இலைகளின் கீழே சுருண்டு கிடந்தன. வெளியே சொல்லியிருந்தால் நடுவர் கேட்ட எண்ணிக்கை வந்திருக்கும். சொல்லவில்லை. மண்ணோடு கொட்டிவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றும் சாகவில்லை என்றே சாதித்தேன். வேப்பந்தண்ணீர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்து, நெடுநாள் அதன்மேல் கோபமாகவும் இருந்தேன்.

அது தின்னாதே என்று மட்டுந்தான் சொன்னது. வயலில் என்றால் அவை வேறு புல்லைத் தேடிப் போயிருக்கும். தகரத்தின் வாயைக் கொசுவலைத் துண்டால் இறுகக் கட்டியவள் நான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.